விஜயதசமிக்கு அறுத்த ஒரு தடி

உலகம்மன் துணை

தென்காசி,
திங்கட்கிழமை

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், பூனாவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் அம்மன் சன்னதியில் நின்று கேட்டுக்கொள்கிறோம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, துணி காயமாட்டேன் என்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மஞ்சள் தொப்பியோடு நீ அனுப்பிய போட்டோவைத் தெருவில் ஒரு வீடு பாக்கி வைக்காமல் காட்டிவிட்டாள், பாதுகாப்பு அதிகாரி என்றால் போலீஸா என்று கேட்டவர்களுக்கும் அவளே விளக்கம் சொல்கிறாள்.

முந்தாநாள் போனில் உனக்கு நான் சொன்ன பதில் தப்பு, அதற்காகத்தான் இந்தக் கடிதம். உங்கள் கம்பெனியில் பிரஸ் மிஷினில் ஒருவனுக்கு விரல்கள் போனதையும், வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று மேலே உள்ளவர்களே தடுப்புக் கம்பியைக் கழற்றி வைத்திருந்ததையும் சொல்லி, அவன் கவனக்குறைவுன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுதாங்கப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம் என்றாய். ஏட்டி, புது வேல, பெரியவங்க சொன்னா கேட்டுக்கிடணும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தருவியில் சீசனுக்குப் பழம் விற்கிற மணிமுத்துவை உனக்குத் தெரியும், வலது கை இல்லாதவன். மரமில்லில் நான் மேஸ்திரியாக இருந்தபோது என்னிடம் வேலை பார்த்தவன். நீ சின்னப் பிள்ளையில் கேட்டபோது விபத்து என்று மட்டும் சொன்னேன், மீதியை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மரம் அறுக்கிற மிஷினைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்க பெல்ட்டின் இரும்பு மூடியைக் கழற்றி, அதற்கும் ஒரு மாலை போட்டுச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தோம். மறுநாள் விஜயதசமிக்குப் பேருக்கு ஒரு தடி அறுத்துவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கம். மணிமுத்து மூடியை மாட்டத்தான் போனான். ஒரு தடிதானலே, மால நசுங்கிரும், ஓட்டு என்று சொன்னது நான். முதலாளி பூஜைக்குக் கொடுத்த புதுத் துண்டு அவன் தோளில் கிடந்தது, குனிந்தான், துண்டின் நுனியைப் பெல்ட் இழுத்துவிட்டது. அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

முதலாளி சொன்னார், நான் எழுதினேன், தொழிலாளியின் கவனக்குறைவு என்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி என்று இடது கைப் பெருவிரலை நீட்டினான். மை தடவியதும் நான்தான் பிரியா.

நேற்று அவனைப் பார்க்கப் போனேன். பாப்பா பெரிய ஆபீசராயிட்டாளாமே அண்ணாச்சி, என்னய மாரி கவனமில்லாம குனியுதவங்கள நல்லா ஏசச் சொல்லுங்க என்று சிரித்தான். பக்கத்தில் அவன் மகன் நின்றுகொண்டிருந்தான், அவனும் சிரித்தான். நான் தடுத்ததை அவன் மறந்துவிட்டானா, மறந்தது மாதிரி இருக்கிறானா என்று தெரியவில்லை. சொல்ல வாய் வரை வந்தது, கோழை மாதிரி அவன் கொடுத்த பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இத்தனை வருஷமும் அந்த ஒற்றை வார்த்தையை அவன் தலையில் சுமந்துகொண்டு திரிகிறானே என்று அடக்கமாட்டாமல் அழுதேன். நாளைக் காலையில் மறுபடியும் போகிறேன், அவன் மகன் காதுபடவே சொல்லப்போகிறேன். அவன் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. கம்பியைக் கழற்றியது யார், எதற்காக என்று நடந்ததை நடந்தபடி எழுது. வேலை போனால் வீட்டுக்கு வா, உனக்கு ஒரு வாய் சோறு போட நாங்கள் இருக்கிறோம். போனில் சொல்ல முடியாமல்தான் கூரியரில் அனுப்புகிறேன், வியாழக்கிழமை கிடைத்துவிடும் என்றார்கள். இதை அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. மிஷின் பக்கம் போகும்போது துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுப் போ, முடியைத் தொப்பிக்குள் சொருகிக்கொள். தீர்க்காயுசாக, யாருக்கும் தலை குனியாமல் இரு என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. குத்தாலிங்கம்

பின்குறிப்பு: கூடவே ஆறு மங்குஸ்தான் வைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு என்று மணிமுத்து இடது கையால் பொறுக்கிப் போட்டது. நான் ஒன்றுகூட எடுக்கவில்லை. உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடு.