அம்மாவும் நானும் ஒரே பாறை வகுப்பில்

ஆகஸ்ட் 26, திங்கள்
கடைசி ஆண்டு தொடங்கியாயிற்று. செவிலியர் படிப்பை விட்டுப் பாறையியலுக்குத் தாவியதில் எனக்குப் பாடங்கள் பாக்கி. எங்கள் கல்லூரியில் யாராக இருந்தாலும் சில பொதுப் பாடங்களை முடித்தே தீர வேண்டும். 'பூமியின் கதை' என்ற பொதுப் பாடத்தை எடு, அது உன் முதன்மைப் பாடத்துக்கும் சேர்த்து எண்ணப்படும் என்றார் ஆலோசகர். அப்படியானால் மே மாதம் பட்டம். அம்மாவுக்கும் மே மாதம்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே இத்தனை வருடமாகக் கணக்கியல் படிக்கிறாள். இருவரும் ஒரே மேடையில் ஏற வேண்டும். இந்த ஆசை அவளைவிட எனக்குத்தான் அதிகம்.

ஆகஸ்ட் 28
அம்மாவுக்கும் ஓர் அறிவியல் பொதுப் பாடம் பாக்கியாம். என் வகுப்பிலேயே சேர்ந்துவிட்டாள். முதல் வரிசையில்! கடவுளே.

செப்டம்பர் 11
வகுப்பில் பாதிப் பேர் ஃபுட்பால் அணிப் பையன்கள். எளிதில் தேறிவிடலாம் என்று வந்தவர்கள். அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். பின்வரிசை டெமெட்ரியஸ், "கேளுங்க ரோண்டாம்மா, எங்களுக்கும் அதே டவுட்தான்" என்று ஏற்றிவிடுகிறான். இன்று எல்லோருக்கும் வாழைப்பழ ரொட்டி வேறு. நான் யாரோ போல உட்கார்ந்திருந்தேன். "நடீன், தண்ணி குடிச்சியாடீ?" என்று திரும்பிக் கத்தினாள். மானம் போச்சு.

அக்டோபர் 2
கணினியில் என் படிப்புப் பக்கத்தைப் பார்த்தேன். பொதுப் பாடத்தில் பச்சை, அதாவது எண்ணப்படும்; முதன்மைப் பாடத்தில் சிவப்பு, எண்ணப்படாது. முதன்மைப் பாடத்துக்கு ஆய்வுக்கூடமும் வேணுமாம்; நான் காலையில தூங்கலாமேன்னு அது இல்லாத பிரிவுல சேந்திருக்கேன்! பாறையியல் படிக்கிறவ, ஃபுட்பால் பசங்களுக்கான பிரிவுல! யாராவது இப்படிப் பண்ணுவாங்களா? மே மாசம் போச்சு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?

அக்டோபர் 3
சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், "அழுதா பச்சையாயிடுமா? வா, வாத்தியாரையே கேப்போம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பாடம் நடத்தும் பேராசிரியர் ஹால்வர்சன் சிரித்தார். "சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தையும் முடிச்சிடும்மா. துறையில நான் பேசுறேன்."

சனிக்கிழமையா! ஒஹாயோவில் இலையுதிர் காலச் சனிக்கிழமை என்றால் ஃபுட்பால். கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள்.

"நானும் வரேன்" என்றாள் அம்மா. அவளுக்கு அது எதிலுமே எண்ணப்படாது.

அக்டோபர் 19, சனி
ஆய்வுக்கூட வகுப்பு இன்று கல்குவாரியில். ஊரே ஆட்டம் பார்க்க, நாங்கள் சேற்றில். அம்மா உடைத்த கல்லுக்குள் சுருண்டு கிடந்தது கல்லாகிப்போன ஒரு பழங்காலக் கடல் பூச்சி. "நடீன், இத எனக்கு முன்னாடி மனுசங்க யாருமே பாத்ததில்லடீ." இப்படியொரு முகம் அவளுக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

டிசம்பர் 13
பச்சை! இரண்டிலும் பச்சை! அம்மா என்னைவிட அதிக மதிப்பெண். பொறாமைதான் — கொஞ்சம்.

ஜனவரி 15
அம்மா கணக்கியலை விட்டுவிட்டாள். இனி அவளுக்கும் முதன்மைப் பாடம் பாறையியல்!

"இன்னும் ரெண்டு வருசம் ஆகும்மா! அப்ப மேடை?"

"நீ ஏறு. எனக்கென்ன அவசரம்? அந்த வகுப்பு, சனிக்கிழமை எல்லாத்தையும் இப்ப எனக்கும் ரெண்டு பக்கமும் எண்ணுறாங்கடீ!"

கோபம் கோபமாக வந்தது. அழுதேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்துவிட்டது. பெருமையாகவும் இருக்கிறது, என்ன செய்ய?

மே 10
பட்டமளிப்பு விழா. கடைசியில் மொத்தமாகக் கைதட்டுங்கள் என்றார்கள். யார் கேட்டார்கள்? என் பெயரைச் சொன்னதும் மேல்வரிசையில் அம்மாவும் டெமெட்ரியஸ் கூட்டமும் போட்ட கூச்சலில் கல்லூரித் தலைவரே நிமிர்ந்து பார்த்தார்.

விருந்தில் அம்மாவுக்கு இருப்பு கொள்ளவில்லை. திங்கட்கிழமை கோடை வகுப்பு, படிக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் என் பட்டமளிப்பு அங்கியைக் கழற்றி அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். நீளம் கொஞ்சம் அதிகம். கீழே மடித்துத் தைத்தால் சரியாக இருக்கும்.