நான்கு தட்டு இடைவெளி

மார்ச் 3, செவ்வாய்

நாளைக் காலை தூக்கக் கலக்கத்தோடு இதை வாசிக்கப்போகும் லேனிக்கு, அதாவது எனக்கே: இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இயாரா இப்போதுதான் கண் மூடினாள். எட்டு மாதக் குழந்தைக்கு இவ்வளவு பிடிவாதம். கீழ்வீட்டில் அத்தை வலை ஊஞ்சலில் போட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே ஆட்டினால்தான் தூங்குகிறாள்.

இன்றும் அதே சண்டை. நான் பாடி, என் கணவன் பதிவு செய்த பாட்டு தயார். இணையத்தில் ஓசியில் விட்டுவிடலாம் என்கிறான் ஜெனில்சன். விற்கலாம் என்கிறேன் நான்.

"உங்கம்மா தக்காக்காவ ஓசியிலயா ஊத்தறாங்க?" என்று கேட்டேன். தெருமுனையில் அத்தை கடை போட்டு, சுரைக்குடுவையில் ஊற்றி விற்கிற புளிப்புச் சூப்பில்தான் இவனும் வளர்ந்தான்.

"சூப்பு குடிச்சா தீர்ந்துடும். பாட்டு கேட்டா தீருமா? கேட்டவன்தான சனிக்கிழமை டிஜே போடற எடத்துக்கு காசு குடுத்து ஆட வருவான்?"

ஆனாலும் அது என் குரல். இசைக் கல்லூரியில் நான்கு வருடம் பழகிய குரல். ஒருமுறை விட்டுவிட்டால் திரும்பக் கூப்பிட முடியுமா?

மார்ச் 5, வியாழன்

டிஜே வாக்னெர் அழைத்தார். பதினான்காம் தேதி நம் ஜுருனாஸ் பேட்டையிலேயே அவருடைய பெரிய சவுண்டு செட் நிற்கப்போகிறது. நான் நேரில் பாட வேண்டும், சம்பளம் உண்டு. "ஆனா அதுக்குள்ள பாட்டு ஊரெல்லாம் போயிருக்கணும். தெரியாத பாட்டுக்கு எவம்மா ஆடுவான்?"

விட்டுக்கொடுத்தேன். பன்னிரண்டு டிஜேக்களுக்கு நானே அனுப்பினேன். இணையத்திலும் நானே ஏற்றினேன். இடுப்பில் இயாரா, ஒரு கையில் போன். அனுப்பியதும் ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது. ஏனென்று தெரியவில்லை.

மார்ச் 7, சனி

கடவுளே. எதை அனுப்பியிருக்கிறேன்.

டிஜேக்கள் தங்கள் பேரையும் பேட்டையின் பேரையும் சொல்லிக்கொள்ள வசதியாக, எல்லோரும் செய்வதைப் போல நாங்களும் பாட்டின் நடுவே தாளத்தில் நான்கு தட்டு காலியாக விட்டிருந்தோம். ஜெனில்சன் சுத்தம் செய்த பாட்டில் அந்த இடம் காலி. நான் அனுப்பியதோ சுத்தம் செய்யாதது. அதில், பாடிக்கொண்டிருந்த என் குரல் எரிச்சலோடு கேட்கிறது: "உங்கம்மா ஒரு நாளாச்சும் வாய மூடுவாங்களா, ஜெனில்சன்?"

அன்று நான்காவது தடவையாகப் பாடிக்கொண்டிருந்தேன். கீழே அத்தை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற யாரிடமோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். வாயில் வந்துவிட்டது — அவ்வளவுதான்.

இணையத்தில் இருந்ததை அழித்தேன். அதற்குள் நானூறு பேர் இறக்கியிருக்கிறார்கள். வாக்னெர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "அந்த இடம் வந்தா கூட்டமே சேர்ந்து கத்துதும்மா. அதைப் போய் எடுக்கச் சொல்றியே?"

விற்றிருந்தால் கடையிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஓசியில் கொடுத்ததை யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச் 8, ஞாயிறு

ஒலிபெருக்கி கட்டிய சைக்கிள் ஒன்று என் பாட்டைப் போட்டுக்கொண்டு முனையில் நின்றது. அத்தை கேட்டுவிட்டார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

திட்டவில்லை. அழவில்லை. இயாராவை வாங்கிக்கொள்கிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், ஊட்டுகிறார்கள். ஒரு வார்த்தை இல்லை. மதில் பக்கம்கூடப் போவதில்லை. வீடு பூட்டிக் கிடக்கிற மாதிரி இருக்கிறது.

இயாரா இரண்டு இரவாகத் தூங்கவில்லை. அத்தை ஊஞ்சலை ஆட்டுகிறார்கள், அவள் அவர்கள் வாயையே பார்க்கிறாள். பேச்சு வரவில்லை என்றதும் அழுகை. என்ன செய்துவிட்டேன் நான்? சனிக்கிழமை இவளை யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது? எந்த முகத்தோடு அதே பாட்டைப் பாடுவது? வரவில்லை என்று வாக்னெரிடம் சொல்லிவிடலாமா?

மார்ச் 11, புதன்

மதிய மழை விட்டதும் இயாராவைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். அத்தை கடைச் சூப்பில் போடும் ஜம்புக் கீரையின் இலையை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஏதாவது பேசுங்க அத்தை."

"எதுக்கு? ஊரே வாய மூடச் சொல்லுது."

"தப்புதான் அத்தை. பாட்டு சரியா வரலைங்கற எரிச்சல்ல சொல்லிட்டேன்."

"மதிலுகிட்ட நின்னு நான் என்ன பேசிட்டிருந்தேன்னு தெரியுமாடி உனக்கு?"

"தெரியாது."

"கேட்டியா, எம் மருமக பாடறான்னு சொல்லிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெகுநேரம் அழுதேன்.

"மூக்கத் துடை. கீரையில விழுது."

துடைத்தேன். இலையை ஆய்ந்துகொண்டே அவர்களாகவே ஆரம்பித்தார்கள். "நேத்து ஒருத்தன் வந்து, வாய மூடாத அம்மா கடை இதானான்னு கேக்கறான். இந்த இலைய ரெண்டு மடங்கு போட்டு ஊத்தினேன். நாக்கு மரத்துப்போயி, காசு எவ்வளவுன்னுகூடக் கேக்க முடியல அவனால." சிரித்தார்கள். நானும். மூன்று நாள் பேசாத பேச்சு முழுவதும் வந்தது. இயாரா என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

எழுந்து வரும்போது சொன்னார்கள்: "நாலு தட்டுல நீ கேட்டுட்ட. எனக்கும் நாலு தட்டு வேணும்."

மார்ச் 12, வியாழன்

ஒலிப்பதிவு. முதல் தடவை அத்தை இருபது நிமிடம் பேசினார்கள்.

"அம்மா, நாலு தட்டுதான் இருக்கு" என்றான் ஜெனில்சன்.

"உங்கப்பனும் இப்படித்தான் குறுக்க பேசுவான்."

ஒன்பதாவது தடவையில் சரியாக விழுந்தது. என் கேள்வி அப்படியே இருக்கிறது. அடுத்த நான்கு தட்டில் அத்தை: "நான் வாய மூடினா உன் புள்ள கண்ண மூடுமாடி?"

மார்ச் 13, வெள்ளி

கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. அதன் பின்னாலேயே இன்னொன்றை ஓடவிடலாம், அதுவும் ஓசியில் என்றால்தான் பழையதைப் போய்ப் பிடிக்கும். இதை ஜெனில்சனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அடித்திருப்பேன்.

கீழே ஊஞ்சல் கிரீச்சிடுகிறது. அத்தை யாரோ ஒருத்தியின் கல்யாணக் கதையை இயாராவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கதவைச் சாத்தாமல் எழுதுகிறேன்.

வாக்னெருக்கு அனுப்பியது:

"அண்ணா, இது புதுசு. பழசுக்குப் பதிலா இதைப் போடுங்க, எல்லாருக்கும் குடுங்க, காசு வேண்டாம். நாளைக்கு நான் பாட வரேன். அத்தை வீட்டுல பாப்பாவோட ஜன்னலத் திறந்து வச்சு உக்காந்திருப்பாங்க, அவங்க குரல் வர்ற இடத்துல நீங்க பேசிடாதீங்க. வந்து சேர்ந்துச்சான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கேக்கறாங்க. சீக்கிரம் பதில் போடுங்க."