பத்துத் துள்ளியில் கவியருது

இன்று காலை பேத்தியின் இருமலுக்கு வந்த மருந்துப் புட்டியில் அந்த மலையாளச் சொல்லைப் பார்த்ததும் மூடியைத் திறக்காமல் கீழே வைத்தேன். 'கவியருது.' அளவைத் தாண்டக் கூடாது என்று பொருள். நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. இதை உனக்குத்தான் எழுத வேண்டும்.

நான் மலையாளச் சீமையில் இந்த வலியசாலைக்கு வாழ வந்து அப்போது மூன்று மாதம். திருநெல்வேலிப் பெண், மலையாளம் ஓர் எழுத்துத் தெரியாது. நீ அடுத்த வீட்டு மருமகள், இந்த ஊரிலேயே பிறந்தவள். அன்று மத்தியானம் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். என் கணவர் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தார். கொல்லைச் சுவருக்கு மேல் புட்டியை நீட்டினேன். "பத்துத் துள்ளியில் கவியருது" என்று வாசித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதென்று ஓடிவிட்டாய்.

பத்துத் துளி, கவிழ்த்துவிடக் கூடாது. எனக்கு அப்படித்தான் புரிந்தது. வலி நிற்கவில்லை. மறுபடி பத்து, மறுபடி பத்து. நாலாம் தடவைக்குப் பிறகு தூங்கிப்போனார். அப்பாடா என்றிருந்தது. பிறகு தொட்டு எழுப்பினேன்; எழவில்லை. ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வர வெகு நேரம் ஆனது.

என் கூச்சல் கேட்டு ஓடி வந்தாய்.

"எத்தனைடீ குடுத்தே?"

"நாப்பது. ஒரு துளி கவுக்கலை."

புட்டியைப் பிடுங்கிப் பார்த்தாய். "ஐயோ, பத்துக்கு மேல போகப்படாதுன்னுடீ அர்த்தம்! அபினி கலந்த மருந்து!"

நீ ஓடிப்போய் அழைத்துவந்த டாக்டர், தூங்க மட்டும் விடாதீர்கள் என்றார். கடுங்காப்பியைப் புகட்டி, ஆளுக்கொரு தோளாய்த் தாங்கி, கூடத்தில் நடத்தினோம். கால்கள் தரையில் இழுபட்டன. அவர் தலை சாயும்போதெல்லாம் என் உயிர் போய் வந்தது. "நடங்கோ, நடங்கோ" என்று அதட்டினாய். விளக்கு வைக்கும் நேரத்தில் கண்ணைத் திறந்து, "காப்பி கசக்கறது" என்றார்.

அப்போதுதான் மாமியார், மருந்து மிஞ்சிப்போன சேதியைத் தெருவிலேயே கேட்டுக்கொண்டு, உள்ளே வந்தார். "யார் பண்ணின காரியம் இது?"

நான் குனிந்து காப்பித் தம்ளரை எடுத்தேன்.

"நான்தான் மாமி. தப்பா வாசிச்சுச் சொல்லிட்டேன்" என்றாய்.

"இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே."

மாமியார் இருந்த பதினோரு வருஷமும் நீ மிதிக்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மாமியார் போன பிறகும் அந்தப் பயம் வாயைத் திறக்க விடவில்லை. நீயும் ஒரு நாளும் கேட்கவில்லை.

இன்று மத்தியானம் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவகிட்டச் சொன்னியோ?" என்று கேட்டார்.

இல்லை. நீ சரியாகத்தான் வாசித்தாய்.