ஜன்னலில் ஒட்டிய எக்ஸ்ரே

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கல் பட்டறைத் தூசியில் நிற்கிறவர்களுக்கு இருமல் வருமுன்பே நுரையீரலை ஸ்கேன் எடுக்கும் திட்டத்தை உன் சுகாதாரத் துறை தள்ளிவைத்துவிட்டதாமே? கையெழுத்து உன்னுடையதாம். உன் அத்தான் செத்த அன்று வாசலில் கார் எஞ்சினைக்கூட அணைக்காமல் வந்துவிட்டுப் போனவன்தானே நீ. நான் எதையும் மறக்கவில்லை.

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் கோபம் நியாயம்தான். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அமைச்சர், "நல்லா நடமாடுறவனை எதுக்குய்யா படுக்கவெச்சுப் படம் எடுக்கணும்? இருக்கிற நோயாளிக்கே கட்டில் இல்ல" என்கிறார். நான் என்ன பதில் சொல்வது? மாதக் கடைசியில் மறுபடி கூட்டம்.

தம்பி

மார்ச் 15

தம்பி,

பதிலை நான் சொல்கிறேன். பட்டறையில் ஒரு தடவை எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்து, படத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஒருத்தரும் உற்றுப் பார்க்கவில்லை. அத்தானுக்குத்தான் இருமலே இல்லையே! காற்றில் சமையலறை ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது, அந்தப் படத்தைத்தான் நான் அங்கே ஒட்டினேன். வருஷக்கணக்கில் அதற்குக் கீழே நின்றுதான் சமைத்தேன். பிறகு இருமல் வந்து, டாக்டர் பழைய படம் கேட்டார். பிய்த்துக் கொண்டுபோனேன். "அப்பவே கட்டி பட்டாணி அளவுக்கு இருந்திருக்கேம்மா. அன்னிக்கே பார்த்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாமே" என்றார்.

அந்தப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். மடித்துவிடாதே.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கூட்ட அறை ஜன்னலில் படத்தை ஒட்டி, அந்தக் கட்டியைக் காட்டினேன். அமைச்சர் எழுந்து வந்து பார்த்தார். "ஆளு அப்ப எப்படி இருந்தாரு?"

"நல்லா நடமாடிட்டு இருந்தாருங்க. சைக்கிள்லதான் வேலைக்குப் போவாரு. என் அக்கா வீட்டுக்காரர்."

உடனே அமைச்சர் உங்கள் பட்டறைப் பக்கம் இந்த வருஷமே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். மற்ற இடங்களுக்கு இன்னும் மல்லுக்கட்ட வேண்டும். படத்தைத் திருப்பி அனுப்பட்டுமா?

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

படம் உன்னிடமே இருக்கட்டும். இன்னும் எத்தனை ஜன்னலில் ஒட்ட வேண்டியிருக்குமோ. எங்கள் ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, சமையலறையில் நல்ல வெளிச்சம்.

ஸ்கேன் வண்டி வரும் அன்று நீயும் வருகிறாய் என்று பட்டறை மேஸ்திரி சொன்னார். வீட்டுக்கு வா. வாசலில் கார் எஞ்சினை அணை. சாவியை என் கையில் கொடு.

அக்கா