பொரித்த மீன் காணாமற்போனது குறித்து

என் மனைவிக்கு,

இன்று மதியம் உனக்குப் பொரித்த மீன் இல்லை. நம் நாய் குண்டன் தின்றுவிட்டான். திட்டாதே, முழுவதையும் படி.

கோடை முழுவதும் இழுத்து இழுத்து நடந்தானே, அதே பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைச் சமையல் மேடையில் ஊன்றித் தின்றான்! நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை. கைதட்டினேன்.

துடைப்பக் கட்டைகளைத் தரையில் வைத்துத் தாண்டச் செய்ததும், பிஸ்கட்டைக் காட்டி முக்காலியில் முன்னங்கால் வைக்கப் பழக்கியதும் இதற்காகத்தான். நேற்று நீ என்ன சொன்னாய்? "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களைப் படுத்துனது போதாதா? இந்த வாயில்லா ஜீவனையுமா?" அந்த வாயில்லா ஜீவன் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை என்பதைக் கண்டனத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வேறு மீன் வாங்கப் போகிறேன். குண்டனும் நடந்தே வருகிறான். தேநீர் பிளாஸ்கில் இருக்கிறது. சர்க்கரையைக் குறைத்தது மருத்துவர் சொன்னதால், கோபத்தால் அல்ல.

பி.கு.: குண்டனின் கால்களுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண் இன்று வருவார். உட்காரச் சொல்.

மீண்டும் பி.கு.: நடந்ததை அவரிடம் நீ சொல்லிவிடாதே! நான் வந்து சொல்வேன். நடித்தும் காட்டுவேன்.