கல்லைத் தாண்டி வரும் காடு

என் இல்லத்து மகாராணிக்கு,

நான் சுகம். நீயும் மகளும் சுகமா? உன் மூட்டுவலி தேவலையா?

புயலைத் தடுக்கும் அலையாத்திக் காட்டை வெட்டக் கூடாதென்று இங்கே புதுச் சட்டம்; காட்டின் எல்லையைக் குறிப்பது என் வேலை. ஏழு கடலுக்கும் எல்லைக்கல் நடும் சக்கரவர்த்தி உன் புருஷன்தான்! வேடிக்கை என்னவென்றால், காட்டுக்கு வெளியே நட்ட கற்களெல்லாம் இப்போது காட்டுக்குள்ளே நிற்கின்றன. என் குளியலறைத் தரையைப் பிளந்து ஒரு கன்றும் முளைத்துவிட்டது. பிடுங்கினால் அபராதம், அதனிடம் அனுமதி கேட்டே குளிக்கிறேன்.

"காடு நம்மள விரட்டுதா சார்?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"இல்லய்யா. கடலுக்குப் பயந்து அதுவே ஓடி வருது."

மகளோடு இங்கே குடிவர வேண்டாம். கதவிடுக்கில் திணிக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. வெளியே வேர்கள் மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது. துவைக்காமலே அனுப்பு.

தபால் கொண்டுபோகும் ஜீப் வந்துவிட்டது.

உன் புருஷன்