சஜ்தாவிலிருந்து எழுந்தபோது

பூனா, கேம்ப்
16-8-1961

அன்பு சைனபுக்கு, உன் ரஹீமின் ஸலாம். நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் மூட்டுவலி குறைந்ததா? நான் நலமே.

போன வெள்ளிக்கிழமை தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து, சஜ்தாவிலிருந்து எழுந்ததும் கண் இருட்டி விழுந்துவிட்டேன். பயப்படாதே. என் அறையில் தங்கியிருக்கும் தாவூத் பக்கத்தில் இருந்தான். "எந்திரிக்காதிய அண்ணே, அப்படியே படுங்க" என்று காலைத் தூக்கிப் பிடித்தான். உடனே தெளிந்துவிட்டது.

என் கைநடுக்கத்தை டாக்டர் பார்க்கின்சன் நோய் என்கிறார். அது உள்ளவர்களுக்கு எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கிவிடுமாம். சாப்பாட்டில் உப்பைக் கூட்டவும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்திப் படுக்கவும், கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு எழவும் சொன்னார். கால்களில் இறுக்கமாகத் துணி சுற்றிவிட்டார்.

எல்லாம் செய்கிறேன். ஆனாலும் நேற்று நான் வேலை பார்க்கும் கடைப் படியில் மறுபடி விழுந்தேன். நெற்றியில் தையல், அவ்வளவுதான். தனியாக இருக்கக் கூடாது, கதவைத் தாழிடக் கூடாது என்கிறார் டாக்டர். தாவூதுக்கோ வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, நாளை புறப்படுகிறான்.

உப்பு நார்த்தங்காய் அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா. உன் மாமியிடம் எதுவும் சொல்லாதே. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

வரும்போது உன் அண்ணனையும் அழைத்து வா, சைனபு. திரும்பிப் போகையில் நான் இல்லாமல் போனாலும் நீ தனியாக ரயிலில் போகக் கூடாது.

ரஹீம்